நிவேதிதா அம்மா

எனக்கு முப்பத்தெட்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சம்பளம். நூம்பலில் ஒரு ஃப்ளாட், அதில் ஜெகதீஷ் என்று ஒரு கணவர். குழந்தை இல்லை. இந்தக் கதையில் இல்லாத மகள் ஒருத்தி வருவாள். உடனே இரண்டையும் முடிச்சுப் போட்டு, ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக் கொட்ட வேண்டாம். அந்தப் பொய்யை நான் ஏக்கத்தில் சொல்லவில்லை, வெட்கத்தில் சொன்னேன்.

முப்பத்தெட்டு வயதில் நான் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதுதான் வெட்கம்.

போளூரில் நான் ப்ளஸ் டூ முடித்த வருஷம் முக்கால் மார்க்கில் மெடிக்கல் சீட் கைவிட்டுப் போனது. ரிசல்ட் வருவதற்கு முன்பே என் அம்மா கன்னியம்மா தெரு முழுக்க, ‘எம் பொண்ணு டாக்டருக்குப் போறா’ என்று சொல்லி வைத்திருந்தாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம், ரேஷன் கடைக்குப் போக நேர்த் தெருவை விட்டுவிட்டு ஏரிக்கரைப் பக்கமாகச் சுற்றிப் போனாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கையில் பையோடு அவள் இடது பக்கம் திரும்புவதை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதெல்லாம் நான் உள்ளே நகர்ந்துவிடுவேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும், ‘டாக்டர் படிப்புல எனக்கு இன்ட்ரஸ்ட் இல்ல’ என்றுதான் சொல்லி வந்தேன். இருபது வருஷம் சொன்னால் எதுவும் உண்மை மாதிரி ஆகிவிடும்.

போன வருஷம் ஆபீஸ் கேன்டீனில் விக்ரம் என்ற பையன் போனைப் பார்த்து ஒரு செய்தியை வாசித்தான். நீட் எழுத இப்போது வயது வரம்பே கிடையாதாம். யாரோ ஐம்பது வயதுக்காரர் எழுதப் போகிறாராம். ‘மாமே, வைவாவுல ப்ரொஃபசர் எழுந்து நின்னு வணக்கம் சொல்வாரு’ என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும் விட நான் சத்தமாகச் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அந்தச் செய்தியைத் தேடிப் படித்தேன். உண்மைதான்.

ஜெகதீஷிடம் சொல்ல ஒரு மாதம் பிடித்தது. “சரி, எழுது. யார் வேணாங்கறா?” என்றார்.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“நீ என்ன திருடவா போற, நிவே?”

அவருக்குப் புரியாது. திருடப் போவதைக்கூட யாரிடமாவது சொல்லிவிடலாம்.

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ரெடிமேட் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஒரு கோச்சிங் சென்டர். வேலைக்குப் போகிற எனக்கு அங்கே ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் பேட்ச்தான் தோதுப்பட்டது. வாராவாரம் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை முழுத் தேர்வு. சேரப் போன அன்று வரவேற்பில் இருந்த சுதா என்ற பெண், “ஸ்டூடன்ட் வரலையா மேடம்?” என்று கேட்டாள்.

“நான்தான்” என்றேன்.

சுதா ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கம்ப்யூட்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. “பேரன்ட் மொபைல் நம்பர் சொல்லுங்க. அது இல்லாம சிஸ்டம் எடுத்துக்காது மேடம்.”

என் நம்பரையே கொடுத்தேன். அன்று சாயங்காலமே பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். அதில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ரோஹித் அம்மா, உஸ்மா அம்மா, சாஹில் அப்பா. பிள்ளையின் பெயருக்குப் பின்னால் அம்மா, அப்பா என்று போட்டுக்கொண்டால் அறிமுகம் முடிந்தது. யாரும் யாரையும் அதற்கு மேல் கேட்பதில்லை. சுதா, வந்த பட்டியலை அப்படியே பார்த்து என்னையும் சேர்த்திருந்தாள். ‘நிவேதிதா அம்மா’ என்று அதில் இருந்தது. நானே எனக்கு அம்மாவாகிவிட்டேன். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனை மூடினேன். அப்போதே சுதாவுக்கு ஒரு போன் போட்டுத் திருத்தச் சொல்லியிருக்கலாம்.

முதல் ஞாயிறு ஒன்றே கால் மணிக்குப் போனேன். படிக்கட்டுக்குக் கீழே வாட்ச்மேன் அப்துல் ரசாக் பாய் ஸ்டூலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார். “மேடம், பேரன்ட்ஸ்லாம் கீயேதான். மேல அலோ இல்ல” என்று பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ‘நான் பேரன்ட் இல்லை, எழுத வந்திருக்கிறேன்’ என்று சொல்ல ஐந்து விநாடி போதும். எனக்கு வாய் வரவில்லை. போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மடியில் கட்டைப் பை. “பொண்ணா, பையனாங்க?” என்றார்.

“பொண்ணு.”

“பேரு இன்னா?”

“நிவேதிதா.”

“நம்மது ரோஷினி. போன வருசம் எய்தி வரல. இந்த வருசம் எப்டியாவது வந்துடணும். கவர்மென்ட் ஸ்கூல்ல பட்ச்ச புள்ள, ஏழரை பர்சென்ட்டுல வாய்ப்பு கீதுன்னு சார் சொல்றாரு.” திருமழிசை எஸ்டேட்டில் மாத்திரை பேக்கிங் வேலைக்குப் போகிறாராம். ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. அந்த ஒரு நாளும் இந்த நாற்காலியில் போய்விடுகிறது. “ஊட்டுக்குப் போய்த் திரும்பறதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சுடுங்க. அதான் இங்கியே குந்திக்கறது.”

ஒன்று ஐம்பதுக்கு, “வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்” என்று எழுந்தேன். கட்டடத்தைச் சுற்றிப் பின் சந்துக்குப் போனால் ரெடிமேட் கடையின் குடோன் படிக்கட்டு ஒன்று இருந்தது. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஏறினால் தேர்வு ஹாலின் பின்கதவு. அந்த வழியைக் கண்டுபிடித்ததும் எனக்கு ஏற்பட்ட நிம்மதி இருக்கிறதே, அப்படியொரு நிம்மதி அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை. ஏரிக்கரை வழியைக் கண்டுபிடித்த அன்று என் அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மேலே முதல் இரண்டு வாரம் பையன்கள் என்னைப் பார்த்து எழுந்து நின்றார்கள். மேற்பார்வைக்கு வந்த டீச்சர் என்று நினைத்துவிட்டார்கள். பிறகு ‘ஆன்ட்டி’ ஆனேன். என் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் இல்லை. பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு மட்டும் தெரிந்தது. விடைத்தாளில் நான் பெயர் எழுதுவதை அவள் பார்த்தாள். “என் பேரு ரோஷினிக்கா” என்றாள். அந்த ‘அக்கா’ எனக்குத் தேவைப்பட்டது. அவள் எந்த ரோஷினி என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ. தேர்வு முடிந்து வழக்கம்போலப் பின்வழியாக இறங்கி, சந்தைச் சுற்றி, அப்போதுதான் வருகிறவள் மாதிரி முன்பக்கம் வந்தேன். மகள் எங்கே என்று யாராவது கேட்டால், ‘மேலே சார்கிட்ட டவுட் கேட்டுட்டிருக்கா’ என்று சொல்லி வைப்பேன். ரோஷினி அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ரோஷினி, இங்க வா. இவங்கதாண்டி நிவேதிதா அம்மா. எப்பப் பாரு சொல்வேனே.”

மூன்று மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய பெண் எதிரே நின்றாள். அவளுக்குப் பதினெட்டு வயது. நெற்றியில் வியர்வை, விரலில் கறுப்பு மை. என் விரலிலும் அதே மை. அவள் என் முகத்தைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

“வணக்கம் ஆன்ட்டி” என்றாள்.

அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு மேலே, “அக்கா, ஒரு பேனா இருக்கா?” என்று சாதாரணமாகக் கேட்டாள். கீழே நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரு பதினெட்டு வயதுப் பெண் என்னைக் காப்பாற்றுகிறாள் என்பது தெரிந்தும், நன்றிகூடச் சொல்லவில்லை. சொன்னால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே.

மார்க் பட்டியல் திங்கட்கிழமை காலையில் குரூப்பில் வரும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படித்தது வீண்போகவில்லை. முந்நூற்றிப் பதினெட்டில் ஆரம்பித்து நானூற்றி அறுபத்தேழுக்கு வந்தேன். பிறகு ஐநூற்றி இருபத்தொன்று. நிவேதிதா என்ற பெயர் மேலே மேலே ஏறியது. ‘வாழ்த்துகள் நிவேதிதா அம்மா’ என்று கைதட்டுகிற பொம்மைகள் வரும். ‘பொண்ணை எப்படிப் படிக்க வைக்கிறீங்க?’ என்று கேட்பார்கள். நான் பதில் போடுவேன். காலையில் எழுப்பிவிடுவேன், டிவி கிடையாது, போன் கிடையாது. கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் போடுவேன். மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அது இனித்தது. என் மார்க்கை என் மார்க்காகச் சொல்ல வெட்கம். மகளின் மார்க்காகச் சொல்லப் பெருமை.

ரோஷினி அம்மா வாராவாரம் எனக்கும் ஒரு டப்பா கொண்டுவர ஆரம்பித்தார். எலுமிச்சம் சாதம், ஓரத்தில் உருளைக்கிழங்கு. “உங்க பொண்ணுக்குக் குடுங்க. அவ்ளோ படிக்கற புள்ளைக்கு ஒடம்பு தாங்கணும்ல.” அதைக் குடோன் படிக்கட்டில் அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்து அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் தேர்வுக்குப் போவேன். ஒருநாள் ரோஷினி என் பையிலிருந்த டப்பாவைப் பார்த்து, “எங்க ஊட்டு டப்பா” என்றாள். சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. முந்தைய வாரம் எனக்கு ஐநூற்றி நாற்பத்தெட்டு, ரோஷினிக்கு முந்நூற்றி ஐந்து. அவள் எழுதும் விதத்தை நான் பார்த்திருக்கிறேன். நிதானமாகப் படிப்பாள், தெரியாததைத் தொடவே மாட்டாள். தொண்ணூற்றைந்து கேள்வி தொட்டால் எண்பது சரியாக இருக்கும். தப்பான விடைக்கு ஒரு மார்க் குறைக்கிற தேர்வில் அது நல்ல பழக்கம். இன்னும் கொஞ்சம் படித்தால் அந்தத் தொண்ணூற்றைந்து தானாக நூற்றிருபது ஆகும். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

“நூத்தியெம்பது கேள்வில பாதிய உட்டுட்டு வராங்க இவ” என்று ரோஷினி அம்மா அலுத்துக்கொண்டார். “உங்க பொண்ணு எத்தினிங்க எய்தறா?”

மற்ற அம்மாக்களும் திரும்பினார்கள். நாலு பேர் நம் வாயைப் பார்க்கும்போது வரும் கிறுக்கு இருக்கிறதே. “அவ ஒரு கேள்விகூட விட மாட்டா” என்றேன்.

நானே மூன்று கேள்வியை விட்டிருந்தேன். அதற்கு முந்தைய வாரம் பதினொன்று.

அடுத்தடுத்த வாரங்களில் ரோஷினி என் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். கேள்வியைப் படித்தும் படிக்காமலும் வட்டங்களைக் கறுப்பாக்கினாள். ஒரு ஞாயிறு தேர்வு தொடங்குவதற்கு முன், “ஏன்மா இப்படி?” என்று கேட்டேன்.

“ஒண்ணுகூட உடக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிட்டாங்கக்கா.” கண்ணைத் தூக்கிப் பார்க்காமல் சொன்னாள். “மார்க் லிஸ்ட்ட பிரின்ட் எடுத்து, உங்க பேருமேல மஞ்ச மார்க்கர் போட்டு, நான் படிக்கற எடத்துல செவுத்துல ஒட்டி வெச்சிருக்காங்க. வாரத்துக்கு ஒண்ணு. ஏழு ஷீட்டு ஆச்சு.”

அப்போதாவது கீழே இறங்கிப் போயிருக்க வேண்டும். ‘பரீட்சை முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம்’ என்று நினைத்தேன். மணி அடித்துவிட்டது.

மார்ச் மாதம் இரண்டாவது திங்கட்கிழமை வந்த பட்டியலில் ரோஷினிக்கு நூற்றி எழுபது. ஆபீஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எழுபது சரி, நூற்றிப் பத்து தப்பு. ஒரு கேள்வியையும் விடவில்லை.

புதன்கிழமை ரோஷினி அம்மா போன் செய்தார். குரல் கட்டியிருந்தது. “நிவேதிதா அம்மா, அவ பொஸ்தகத்தையெல்லாம் மூட்டக் கட்டிப் பரண்மேல போட்டுட்டாங்க. எய்தவே மாட்டேன்றா. கோவத்துல ரெண்டு அறை உட்டுட்டேன். ரெண்டு நாளா சோறு துன்னல. நான் சொன்னா கேக்க மாட்டா. உங்க பொண்ண ஒரு தபா கூட்டினு வரீங்களா? அவ வயசுப் புள்ள சொன்னா கேப்பாங்க.”

“வரேன்” என்றேன். போனை வைத்தேன். நான் செய்தது மாதிரி ஒரு அயோக்கியத்தனத்தைக் கடைவீதித் திருடன்கூடச் செய்ய மாட்டான் என்று தோன்றியது. அவன் பொருளைத்தான் எடுப்பான்.

வியாழன் சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேரே திருமழிசைக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி உள்தெருவில் நுழைந்து, “ரோஷினி அம்மா வீடு எது?” என்று நாலு பேரிடம் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பூக்கட்டும் அம்மா ஒருவர், “யாரு, மாத்திரை பேக்கிங்குக்குப் போற வடிவா?” என்று கேட்டுக் கை காட்டினார். நாலு மாதம் அவர் சமைத்ததைச் சாப்பிட்டிருக்கிறேன். அவர் பெயர் வடிவு என்பது அப்போதுதான் தெரிந்தது.

வடிவு வாசலிலேயே நின்றிருந்தார். எனக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார். “நிவேதிதா வரலீங்களா?”

“வந்திருக்கா.”

“எங்க?”

“நான்தான்.”

“தமாஷ் பண்ற நேரமாங்க இது” என்றார். கோச்சிங் சென்டர் அடையாள அட்டையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். என் போட்டோ, என் பெயர், ‘மாணவர்’ என்று கீழே. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

ஒரே அறை. தரையில் பாய்மேல் ரோஷினி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுக்கு நேர் மேலே மார்க் பட்டியல்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் மஞ்சள் பட்டையில் என் பெயர். கண் திறந்தால் அதுதான் தெரியும். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

“அப்ப அந்த ஐநூத்தி நாப்பத்தெட்டு?” என்றார் வடிவு.

“நான் வாங்கினது.”

“லெமன் சாதம்?”

“நான்தான் சாப்பிட்டேன்.”

“உங்களுக்குப் பொண்ணு?”

“இல்லைங்க.”

வடிவு அடையாள அட்டையைத் திருப்பித் தந்தார். “ஒரு கேள்வி உட மாட்டான்னு சொன்னீங்களே” என்று மெதுவாகக் கேட்டார்.

“அதுவும் பொய். நானும் விடுவேன். தெரியாததை விட்டுத்தான் எழுதணும். ரோஷினி முன்னாடி எழுதினதுதான் சரி. நான் பெருமைக்குச் சொன்னேன். அதைக் கேட்டுட்டு நீங்க…”

வடிவு தன் வலது கையை விரித்துப் பார்த்தார். “இந்தக் கைதாங்க. பதினெட்டு வயசுப் பொண்ண, கல்யாணம் பண்ற வயசுப் பொண்ண, நாய அடிக்கற மாதிரி அடிச்சேன். ஊர்ல இல்லாத ஒரு பொண்ணப் பாத்து.” பாயின் பக்கம் திரும்பினார். “ஏண்டி, உனுக்குத் தெரியுமா இது?”

ரோஷினி எழுந்து உட்கார்ந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. “தெரியும்மா. மொதல்லேந்து தெரியும்.”

“அடி வாங்கசொல்லகூட வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடி?”

“கம்மி மார்க்கு வாங்கினு அந்தப் படிக்கட்டுல எறங்கசொல்ல எல்லாரும் பாப்பாங்களே. அது எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா.” என்னைக் காட்டினாள். “அக்கா அதுக்குத்தான் பின்னாடி வழியா வந்தாங்க. அவங்களாவது தப்பிச்சுக்கட்டுமேன்னு உட்டுட்டேன்.”

நான் ஒளிந்துகொள்ள அந்தப் பெண் நாலு மாதம் திட்டு வாங்கியிருக்கிறாள், கடைசியில் அடியும் வாங்கியிருக்கிறாள். இது தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. பாதி எனக்குத் தெரியும்.

“நிவேதிதா அம்…” என்று ஆரம்பித்த வடிவு நிறுத்திக்கொண்டார். “உங்க அம்மா எங்க கீறாங்க?”

“போளூர்ல.”

“நீங்க இது எய்தறது அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அவங்களாண்டயும் இதேதானா” என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். பிறகு எழுந்து ஒவ்வொரு தாளாகப் பிய்த்தார். செல்லோ டேப்போடு சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது. “இந்த வயசுல எய்தறது ஒரு தப்பாங்க? எங்கிட்ட சொல்லியிருந்தா நான் இன்னா சிரிச்சா இருப்பேன்? சரி, அத உடுங்க. குரூப்புல எத்தினி அம்மாங்க கீறாங்க? எல்லா ஊட்லயும் உங்க பொண்ணு பேர சொல்லித்தான் திட்டு நடக்குது. உஸ்மா அம்மா சொன்னாங்க. உங்க கையால போட்டுருங்க. நிவேதிதா நான்தான்னு.”

“இன்னிக்கே போட்டுடறேன்” என்றேன். சத்தியமாகப் போட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து தட்டினேன். ‘அனைவருக்கும் வணக்கம். ஒரு விஷயம்…’ அழித்தேன். வீட்டுக்கு வந்து ஜெகதீஷிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது, திருடவா போகிறாய் என்று கேட்டது ஞாபகம் வந்தது. “அனுப்பிடு, நிவே” என்றார். வெள்ளிக்கிழமை நாலு தடவை எழுதி நாலு தடவை அழித்தேன். சனிக்கிழமை, காலையில் அனுப்பலாம் என்று வைத்தேன், பிறகு மதியம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குப் பூந்தமல்லியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதும் அது அனுப்பாமல்தான் இருந்தது. கால் பழக்கத்தில் பின் சந்துப் பக்கம் திரும்பியது. குடோன் கதவு பூட்டியிருந்தது. கடைக்கு லீவாம்.

முன்பக்கம் வந்தேன். அம்மாக்கள் எல்லாரும் இருந்தார்கள். வடிவு அவருடைய நாற்காலியில் இருந்தார். நான் உட்காரும் நாற்காலியில் அவருடைய கட்டைப் பை இருந்தது. என்னைப் பார்த்தும் அதை எடுக்கவில்லை. நான் படிக்கட்டுப் பக்கம் ஒரு அடி வைத்தேன்.

“மேடம், பேரன்ட்ஸ்லாம் கீயே” என்றார் ரசாக் பாய்.

நான் வாயைத் திறப்பதற்குள் வடிவின் குரல் வந்தது. “பாய், உடுங்க அவங்கள. அவங்க பேரன்ட் இல்ல. பரீட்ச எய்தறவங்க.” தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். “அவங்கதான் நிவேதிதா.”

பன்னிரண்டு முகங்கள் திரும்பின. உஸ்மா அம்மா வாய்மேல் கை வைத்துக்கொண்டார். யாரோ, “அப்ப அந்தப் பொண்ணு?” என்று கேட்டார்கள், யாரோ “உஷ்” என்றார்கள். பாய் எழுந்து ஸ்டூலை நகர்த்தி வழிவிட்டார். நான் ஏறினேன். முப்பத்தாறு படி அது. அதுவரை அந்தப் படிகளில் நான் ஏறியதே இல்லை. ஒவ்வொரு படியிலும் முதுகு எரிந்தது.

ஹாலில் ரோஷினி இருந்தாள். வீக்கம் வடிந்திருந்தது. பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் உட்கார்ந்தேன்.

“எங்கம்மா சொன்னாங்களாக்கா?”

“சொன்னாங்க.”

“நான்தான் சொல்லச் சொன்னேன்.” பேனாவின் மூடியைக் கழற்றினாள். “நீங்களா சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்.”

அதில் குத்தல் இல்லை. மழை வரும் என்று சொல்வது மாதிரி சொன்னாள்.

மணி அடித்தது. விடைத்தாளை இழுத்து மேலே என் பெயரை எழுதினேன். பக்கத்தில் ரோஷினி கேள்விகளை ஒவ்வொன்றாக நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஏழாவது கேள்வியில் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் அதை அப்படியே விட்டுவிட்டு எட்டாவது கேள்விக்குப் போனாள்.